தண்டம் கட்டத் தவறினால்

நீதிமன்ற மொழிபெயர்ப்பாளனுக்குச் சொந்தச் சொல் என்று ஒன்று இல்லை. நீதவான் சிங்களத்தில் உரைப்பதைத் தமிழில் உரைப்பதும், எதிரி தமிழிற் கூறுவதைச் சிங்களத்திற் கூறுவதுமே அவன் கடமை. கூட்டியும் சொல்லக்கூடாது, குறைத்தும் சொல்லக்கூடாது. மலைநாட்டு நீதிமன்றங்களில் முப்பது ஆண்டுகள் இத்தொழிலைச் செய்து ஓய்வுபெற்றவன் நான். அக்காலத்தில் நான் சொன்ன சொற்களுள் எதனையும் இன்று மாற்ற விரும்பவில்லை. சொல்லாமல் விட்ட ஒரு சொல்லே என் மனத்தை உறுத்திக்கொண்டிருக்கிறது.

2006 ஆம் ஆண்டில் ஒரு நாள். வழக்குப் பட்டியல் நீண்டிருந்தது. கசிப்பு வைத்திருந்த குற்றத்துக்காகத் தோட்டத் தொழிலாளி ஒருவர் கூண்டில் நின்றார். குற்றத்தை ஒப்புக்கொண்டார். தண்டப்பணம் விதிக்கப்பட்டது, கட்டத் தவறினால் மூன்று மாதச் சிறை. இவ்விரு வாக்கியங்களையும் நான் பிழையின்றி மொழிபெயர்த்தேன். விதிக்கப்பட்ட தொகையோ அவருடைய இரண்டு மாத உழைப்புக்கு மேற்பட்டது. கூண்டைவிட்டு இறங்கும்போது அவர் என் பக்கம் குனிந்து, “ஐயா, ரெண்டு நாள் தவணை கேட்டுப் பாருங்கய்யா. தோட்டத்துல யாருகிட்டயாவது கடன் வாங்கிக்கிட்டு வந்திர்றேன்” என்றார். அதற்குள் அடுத்த வழக்கின் இலக்கம் கூப்பிடப்பட்டுவிட்டது. நான் எழுந்து அவ்வேண்டுகோளை மன்றுக்கு எடுத்துரைத்திருக்கலாம். எடுத்துரைக்கவில்லை. அன்று மாலை அவர் சிறைச்சாலை வண்டியில் ஏற்றப்பட்டார்.

சில மாதங்களின் பின் பஸ் நிலையத்தில் அவரைக் கண்டேன். தோட்டத்துச் செக்ரோலில் அவருடைய பெயர் நிறுத்தப்பட்டிருந்தது. மனைவியின் சம்பளம் மட்டும் குடும்பத்துக்குப் போதாமையால், பதினான்கு வயது மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திக் கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்கு அனுப்பியிருந்தார்கள். அவர் என்னைக் குறைகூறவில்லை. “நீங்க என்னய்யா செய்வீங்க? அவுங்க சொன்னத எனக்குச் சொன்னீங்க, அவ்வளவுதானே” என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அஃது ஆறுதலாக இருக்கவில்லை. ஏனெனில், ஒருவரைச் சிறைக்கு அனுப்பாமலே தண்டிக்கவும் திருத்தவும் வழிவகுக்கும் சட்டம் அன்றும் இந்நாட்டில் இருந்தது. அதனை நான் அறிந்திருந்தேன். மன்றிலிருந்த ஏனையோரும் அறிந்திருந்தனர். அதனை அறியாதிருந்தவர் கூண்டில் நின்றவர் ஒருவரே.

அந்தச் சட்டத்தைப் பற்றியும், அது ஏன் இத்துணை குறைவாகப் பயன்படுகின்றது என்பதைப் பற்றியும் இங்கே சில சொல்ல விரும்புகின்றேன்.

சப்பாத்துத் தொழிலாளியின் பிணை

கொழும்பு வெலிக்கடைச் சிறைச்சாலையை ஆங்கிலேயர் கட்டியது 1841 ஆம் ஆண்டில். அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், அமெரிக்காவின் பொஸ்ரன் நகரத்துப் பொலிஸ் நீதிமன்றத்தில் ஜோன் ஒகஸ்ரஸ் என்னும் சப்பாத்துத் தொழிலாளி ஒருவர் பார்வையாளராக அமர்ந்திருந்தார். குடிகாரன் என்று குற்றஞ்சாட்டப்பட்ட கந்தலுடை மனிதன் ஒருவனை உள்ளே கொண்டுவந்தார்கள். ஒகஸ்ரஸ் அவனோடு சில வார்த்தை பேசினார். சிறைக்குப் போகாமல் தப்பினால் இனிக் குடிப்பதில்லை என்று அவன் சொன்னான். ஒகஸ்ரஸ் அவனுக்குப் பிணை நின்று அழைத்துச் சென்றார். மூன்று வாரங்களின் பின் அவனைத் திரும்பவும் மன்றுக்குக் கொண்டுவந்தபோது, அவனது தோற்றமே மாறியிருந்தது. நீதிபதி மனமகிழ்ந்து அவனுக்கு விதித்த தண்டப்பணம் ஒரே ஒரு சதம். அதனோடு வழக்குச் செலவு.

1859 இல் இறக்கும்வரை ஒகஸ்ரஸ் ஏறத்தாழ 2,000 பேருக்கு இவ்வாறு பிணை நின்றார். எவரையும் கண்மூடி ஏற்றுக்கொள்ளவில்லை. ஒருவருடைய வயது என்ன, முன்னைய நடத்தை எப்படி, வெளியே சென்றால் எத்தகையோரோடு பழக நேரும் என்பனவற்றை விசாரித்தே ஏற்றுக்கொண்டார். ஏற்றவர்களுக்கு இருப்பிடமும் வேலையும் தேடிக்கொடுத்தார். ஆளைச் சிறைக்கு அனுப்பும்போது கிடைக்கும் கட்டணம் தமக்கு இல்லாமற் போகின்றதே என்று நீதிமன்ற அலுவலர் சிலர் அவரை வெறுத்தனர். அவருக்குச் சம்பளம் கொடுத்தவர் எவருமில்லை. அவரது சப்பாத்துத் தொழிலும் நலிந்தது.

நன்னடத்தைக் கண்காணிப்பு என்று இன்று உலகெங்கும் வழங்கும் முறைக்கு வித்து இதுவே. 1878 இல் மசச்சூசற்ஸ் மாநிலம் இதனைச் சட்டமாக்கிற்று. 1907 இல் இங்கிலாந்து சட்டமியற்றிற்று. இலங்கையில் 1944 ஆம் ஆண்டின் 42 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் நன்னடத்தை உத்தியோகத்தர்களை ஏற்படுத்தியது. ஊதியமின்றிப் பொதுவேலை செய்வதைத் தண்டனையாக விதிக்கும் முறையை இங்கிலாந்து 1972 இல் சட்டமாக்க, அடுத்த ஆண்டே இலங்கையும் அதனைப் பின்பற்றியது. 1979 ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையிலும் அதற்கு இடமுண்டு. இறுதியாக, 1999 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டம் சமுதாயஞ்சார் சீர்திருத்தத்துக்கெனத் தனி ஏற்பாட்டை வகுத்தது. நீதி அமைச்சின்கீழ் அதற்கெனத் திணைக்களமும் அமைந்தது.

இச்சட்டம் செய்வது யாது? கடுங்குற்றமல்லாத குற்றமொன்றுக்கு ஒருவர் குற்றவாளியாகக் காணப்பட்டால், நீதவான் உடனே சிறைக்கு அனுப்பவேண்டியதில்லை. சீர்திருத்த உத்தியோகத்தரிடம் அறிக்கை கேட்கலாம். உத்தியோகத்தர் அவருடைய வீடு, தொழில், குடும்பம், பழக்கம் ஆகியவற்றை விசாரித்து அறிக்கை தருவார். ஒகஸ்ரஸ் தாமே விசாரித்த அதே வினாக்கள்தாம் இவையும். பின்னர் நீதவான் கட்டளை பிறப்பிக்கிறார்: குறித்த மணித்தியாலங்கள் பொதுவேலை செய்யவேண்டும், குறித்த நாட்களில் உத்தியோகத்தர்முன் தோன்றவேண்டும், குடிக்கோ போதைப்பொருளுக்கோ அடிமையாயின் சிகிச்சை பெறவேண்டும், தொழிலற்றவராயின் பயிற்சி பெறலாம். கட்டளையை மீறினால் மன்று அவரை மறுபடியும் அழைக்கும். அதுவரை அவர் தம் வீட்டில் உறங்குகிறார். தம் வேலைக்குப் போகிறார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் செல்வதைப் பார்க்கிறார்.

சிறையிற் கிடப்போர் யார்?

சிறைச்சாலையென்றால் கொலைஞரும் கொள்ளையரும் நிறைந்த இடமென்றே நம்மிற் பலர் எண்ணுகின்றோம். உண்மை வேறு. இலங்கையிலே தீர்ப்பளிக்கப்பட்டு ஆண்டுதோறும் சிறைக்குள் வருவோரிற் பாதிக்கு மேற்பட்டோர், விதித்த தண்டப்பணத்தைக் கட்ட முடியாமையால் வருவோர் என்பதைச் சிறைச்சாலைப் புள்ளிவிவரங்கள் பல்லாண்டுகளாகக் காட்டிவருகின்றன. அதாவது, இவர்களைச் சிறைக்கு அனுப்பவேண்டுமென்று நீதவான் முதலில் நினைக்கவேயில்லை. பணங் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாமென்றே தீர்ப்பளித்தார். பணமுள்ளவன் போனான், இல்லாதவன் உள்ளே போனான். குற்றம் ஒன்று, சட்டம் ஒன்று, தண்டனை மட்டும் இரண்டு.

இவர்களையெல்லாம் அடைத்துவைக்கும் இடமோ போதாது. ஏறத்தாழ 11,000 பேருக்கு இடமுள்ள நம் சிறைகளில் 2020 இல் 25,000க்கு மேற்பட்டோர் இருந்தனர். அவ்வாண்டு நவம்பர் 29 ஆம் திகதி, கொரோனா நோய்க்கு அஞ்சிய கைதிகள் மஹர சிறைச்சாலையிற் கிளர்ந்தெழ, 11 பேர் மாண்டனர். நூற்றுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். மஹர அன்று தன் கொள்ளளவின் இரு மடங்குக்கு மேற்பட்டோரைத் தாங்கியிருந்தது. 2023 டிசம்பரில் ‘யுக்திய’ என்ற பெயரிற் போதைப்பொருளுக்கெதிரான பொலிஸ் நடவடிக்கை தொடங்கியபின் நெருக்கடி மேலும் கூடிற்று.

ஓர் உண்மையை மறைக்கலாகாது. நம் சிறைகளிலே எந்த நாளில் எண்ணிப்பார்த்தாலும் பெரும்பாலானோர் விளக்கமறியற் கைதிகள், இன்னும் தீர்ப்பளிக்கப்படாதவர்கள். சமுதாயஞ்சார் கட்டளை தீர்ப்புப் பெற்றவர்களுக்கே உரியது. ஆதலால் அஃது இந்நெருக்கடி முழுவதையும் தீர்க்கும் மருந்தன்று. விளக்கமறியலிற் கிடப்போருக்கு 1997 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கப் பிணைச் சட்டத்தைத் தாராளமாகப் பயன்படுத்தலே வழி. எனினும், பணமின்மை ஒன்றினாலேயே உள்ளே தள்ளப்படும் ஆயிரக்கணக்கானோர்க்கு இந்தக் கதவைத் திறந்துவிட எந்தப் புதுச் சட்டமும் வேண்டியதில்லை.

மூன்று மாதச் சிறையினால் யாருக்கு என்ன பயன்? திருத்தம் என்பதற்கு அந்தக் காலம் போதாது. தொழில் போவதற்கும், வீட்டில் அடைவு வைத்த நகை மூழ்குவதற்கும், உள்ளேயிருக்கும் தேர்ந்த குற்றவாளியோடு சிநேகம் பிடிப்பதற்கும் அது தாராளமாகப் போதும். இங்கிலாந்தின் நீதி அமைச்சு, ஒத்த குற்றம் புரிந்தோரை ஒப்பிட்டு ஆராய்ந்தபோது, குறுகிய காலச் சிறை சென்றோரே வெளியே கண்காணிக்கப்பட்டோரைவிடக் கூடுதலாக மறுபடியும் குற்றஞ் செய்கின்றனர் எனக் கண்டது. ஸ்கொற்லாந்து 2011 இல் மூன்று மாதமும் அதற்குட்பட்டதுமான சிறைத்தண்டனையைத் தவிர்க்கவேண்டுமெனச் சட்டம் செய்தது. 2019 இல் அவ்வெல்லையைப் பன்னிரண்டு மாதமாக உயர்த்தியது. அங்கே நீதிபதி குறுகிய சிறை விதிக்க விரும்பினால், வேறெத் தண்டனையும் பொருந்தாமைக்குக் காரணங் காட்டவேண்டும். அண்டை நாடாகிய இந்தியாவும், 2024 யூலை 1 ஆம் திகதி நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்திலே சிறு திருட்டு, குடித்துவிட்டுப் பொதுவிடத்திற் கலகம் விளைத்தல், அவதூறு முதலிய சில குற்றங்களுக்குச் சமுதாய சேவையைத் தண்டனையாகச் சேர்த்துள்ளது.

எதிர்வாதங்கள்

இவ்வாறு எழுதும்போது வாசகர் சிலர் முகஞ்சுளிப்பர் என்பதை அறிவேன். “கள்ளனுக்குத் தண்டனை தோட்டங் கொத்துவதா? பறிகொடுத்தவனுக்கு என்ன நியாயம்?” என்பர். நேர்மையான கேள்வி. ஆயினும், திருடியவன் சிறையிற் கிடப்பதால் பறிகொடுத்தவனுக்கு ஒரு சதமும் திரும்புவதில்லை. அவனைச் சிறையில் வைத்து ஊட்டும் செலவிற் பறிகொடுத்தவனின் வரிப்பணமும் சேர்ந்திருக்கிறது. வெளியே உழைப்பவனிடமிருந்தே நட்டஈடு பெறமுடியும். பிறர் உயிருக்கு ஆபத்து விளைவிப்போரை வெளியே விடும்படி எவரும் கேட்கவில்லை. வீட்டிலே மனைவியை அடிப்பவனை ‘சிறு குற்றவாளி’ என்று அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்புவதும் தவறு. விசாரணை அறிக்கை எழுதுவோர் அந்த மனைவியைத் தனியே கண்டு பேசவேண்டியது அதனாலேதான்.

இரண்டாவது எதிர்வாதம் நம்மவரிடையே மட்டும் எழக்கூடியது. என்னைப் பொறுத்தவரை அதுவே கனமானது. பொதுவேலை என்றால் எந்த வேலை? தெருக்கூட்டலும் கான் துப்புரவாக்கலும் பிறப்போடு பிணைக்கப்பட்டிருந்த சமூகம் நம்முடையது. அவ்வேலையைத் தண்டனையாகக் கொடுத்தால், தண்டிக்கப்பட்டவன் அவமதிக்கப்படுகிறான். அதே வேலையை அன்றாடம் நேர்மையாகச் செய்து பிழைப்பவனோ அவனைவிடக் கூடுதலாக அவமதிக்கப்படுகிறான். ஆகவே வேலையைத் தெரிவுசெய்வோர் ஒருவருடைய கைத்திறனைப் பார்த்தே தெரிவுசெய்தல் வேண்டும். மேசன் பள்ளிக்கூடத்துச் சுவரைக் கட்டட்டும். தச்சன் வாங்குமேசைகளைத் திருத்தட்டும். தோட்டத் தொழிலாளி ஆஸ்பத்திரி வளவில் மரக்கறி பயிரிடட்டும். ஊர் அவரைக் காணும்போது, ‘இவன் நமக்கு ஒன்றைச் செய்து தந்தான்’ என்று எண்ணவேண்டும்.

வலையாகும் கண்காணிப்பு

எச்சரிக்கையும் ஒன்று உண்டு. நல்ல நோக்கத்தோடு தொடங்கிய இம்முறை, தான் பிறந்த நாட்டிலேயே ஒரு பெரும் வலையாக விரிந்துவிட்டது. 2018 ஆம் ஆண்டு முடிவில் அமெரிக்காவிற் கண்காணிப்பின்கீழ் இருந்த வயதுவந்தோர் ஏறத்தாழ 44 இலட்சம் பேர். 58 பேருக்கு ஒருவர். அங்கே பல மாநிலங்களிற் கண்காணிக்கப்படுபவரே கண்காணிப்புக்குக் கட்டணஞ் செலுத்தவேண்டும். சந்திப்பு ஒன்றைத் தவறவிடுதல், அறிவியாமல் வீடு மாறுதல், கட்டணம் பிந்துதல் எல்லாம் மீறலாகும். மாநிலச் சிறைகளுக்குள் புகுவோரில் 45 வீதத்தினர் கண்காணிப்பு நிபந்தனைகளை மீறியதனால் வந்தோர் என்று 2019 இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. சிறைக்குப் பதிலாக வந்த முறை சிறைக்கே வாசலாயிற்று.

இங்கிலாந்து வேறு விதமாக வழுக்கி விழுந்தது. 2014 இல் நன்னடத்தைச் சேவையை இரண்டாகப் பிளந்து, ஆபத்துக் குறைந்தவரெனக் கருதப்பட்டோரின் கண்காணிப்பை 21 கம்பனிகளிடம் ஒப்படைத்தது. கண்காணிப்புப் பல இடங்களிற் பெயரளவாயிற்று; நேரிற் காணாமல் தொலைபேசியில் விசாரிப்பதே சிலருக்குக் கண்காணிப்பாக நின்றது. ஏழாண்டுகளின் பின், 2021 யூனில், அரசாங்கம் அப்பணியை மீண்டும் தன் கையில் எடுத்துக்கொண்டது.

இவ்விரு தவறுகளும் நமக்குப் பாடம். நிபந்தனைகள் பெருகினால் மீறல்களும் பெருகும். உத்தியோகத்தரிடம் ஆட்கள் அளவின்றிக் குவிந்தால், மனிதனைக் காண நேரமிராது. கோப்பை மட்டுமே காண்பார்.

நம் சூழலுக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். தோட்டத் தொழிலாளி ஒருவரை வேலைநாளிலே பட்டினத்துக்கு வந்து கையெழுத்திடச் சொன்னால் அன்றைய பேர் அவருக்கு விழாது. பஸ் கட்டணமும் கையிலிருந்து போகும். இரண்டு முறை வருவார். மூன்றாம் முறை வரமாட்டார். மீறல் என்று எழுதப்படும். உத்தியோகத்தர் ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்கு வருவாராயின் அம்மீறலே நிகழாது. அவ்வாறே, நிபந்தனைகளைத் தமிழில் விளக்கும் உத்தியோகத்தர் இல்லாத இடத்தில் விளங்காத கட்டளையில் ஒருவர் கைநாட்டு வைக்கிறார். விளங்காததை மீறியதற்காகச் சிறை செல்கிறார். இருமொழியும் வாயில் வைத்திருந்தவன் நான். ஒரு வாக்கியம் சரியான நேரத்தில் சரியான மொழியிற் சொல்லப்படாவிட்டால் ஒரு குடும்பத்துக்கு என்ன நேரும் என்பதைக் கண்டவன்.

செய்யத்தக்கவை

நான் வேண்டுவன பெரிய காரியங்கள் அல்ல. தண்டப்பணத்துக்குப் பதிலான சிறையை விதிக்குமுன், “இவரால் இத்தொகையைக் கட்ட முடியுமா? தவணையிற் கட்டுவாரா? முடியாதெனில் சமுதாயஞ்சார் கட்டளை இவருக்குப் பொருந்துமா?” என்னும் மூன்று வினாக்கள் ஒவ்வொரு நீதிமன்றத்திலும் வாய்விட்டுக் கேட்கப்படவேண்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. சட்டத்தரணி வைக்க வசதியற்றவர் தாமாக அவற்றைக் கேட்கமாட்டார். அவருக்காக மன்றே கேட்கவேண்டும்.

உத்தியோகத்தர் தொகையைக் கூட்டவேண்டும். தமிழ் பேசும் மாவட்டங்களில் தமிழறிந்தோரை நியமிக்கவேண்டும். இது அரசாங்கத்தின் பொறுப்பு. மற்றொரு பொறுப்பு நம்முடையது. பொதுவேலைக்கு இடம் வேண்டும். பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களும், கோயிற் பரிபாலன சபைகளும், கூட்டுறவுச் சங்கங்களும் ‘எங்களிடம் வேலையிருக்கிறது, அனுப்புங்கள்’ என்று முன்வருமாயின், நீதவானின் கையிலுள்ள கட்டளைக்கு உயிர் வரும். ‘மறியலுக்குப் போகவேண்டியவன் எங்கள் வளவுக்குள் வரக்கூடாது’ என்று நாம் கதவைச் சாத்தினால், சட்டம் புத்தகத்தில் கிடக்கும். மனிதர் வெலிக்கடையிற் கிடப்பர்.

ஒகஸ்ரஸ் நீதிபதியுமல்லர், சட்டத்தரணியுமல்லர். நீதிமன்றத்திற் பார்வையாளராக இருந்து, எழுந்து நின்று ஒரு வார்த்தை சொன்னவர். நன்னடத்தைக் கண்காணிப்புக்கெனத் தனிச் சட்டம் எதுவும் அப்போது அங்கே இருக்கவில்லை. எனக்கோ சட்டம் இருந்தது. நான் நின்ற இடம் நீதவானுக்கு மூன்றடி தூரத்தில். கேட்கச் சொல்லி ஒருவர் என் காதிலே வேண்டியுமிருந்தார்.

அந்தப் பெண்பிள்ளைக்கு இப்போது முப்பத்துநான்கு வயதுக்கு மேலிருக்கும். அவள் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினாளா என்பதை நான் விசாரித்தறியவில்லை. இன்று கூண்டருகே என் இடத்தில் அமர்ந்திருக்கும் இளைய மொழிபெயர்ப்பாளர் எவரேனும் இதனை வாசிப்பாராயின், அவருக்கு ஒன்று சொல்வேன்: எதிரி உம் பக்கம் குனிந்து சொல்வதும் மன்றுக்குரிய சொல்லே. அடுத்த இலக்கம் கூப்பிடப்பட்டாலும் எழுந்து நின்று அதனை மொழிபெயரும்.